விசாகத்தில் பிறந்தவனுக்கு ஒரு ஸ்லோவாக்கியப் பெயர்

1

அப்பிள் மரங்கள் பூத்து முடிவதற்குள் பனி திரும்பி வந்து கொட்டிய வருஷம் அது. சுவிட்சர்லாந்தில் லாங்கன்தாலைச் சுற்றியுள்ள தோட்டக்காரர்கள் மரங்களுக்குக் கீழே வரிசையாகப் பெரிய மெழுகுதிரிகளைக் கொளுத்திப் பூவைக் காப்பாற்றப் பார்த்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் ஊர்க் கார்த்திகை விளக்கீடு மாதிரி இருந்தது. அந்தப் பனிக் கிழமையில்தான் என் மகள் வாணிக்கு ஆண்பிள்ளை பிறந்தது.

எங்கள் வழக்கப்படி முப்பத்தொன்றாம் நாள் பிள்ளை பிறந்த தீட்டான துடக்கைக் கழித்து, ஐயரைக் கூப்பிட்டு, பிறகுதான் பெயர். இந்த நாட்டில் அவ்வளவு பொறுமை கிடையாது. பிள்ளையைக் கழுவித் துடைத்த ஈரம் காயமுன்னம் ஆஸ்பத்திரியில் பெயரைக் கேட்பார்கள். அவர்கள்தான் அதைப் பதிவுக் கந்தோருக்கு அனுப்ப வேண்டுமாம். தாதி சிரித்துக்கொண்டே வந்து, "இந்தக் குட்டி ஐயாவுக்கு என்ன பேர்?" என்று சுவிஸ் ஜெர்மனில் கேட்டா.

வாணி பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடியே, "ஜீவன்" என்றாள்.

பிள்ளைப்பெற்றவளுக்கென்று சரக்குக்கறி காய்ச்சிக்கொண்டு வந்திருந்த என் மனைவி, சட்டியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். நான் பின்னால் போனேன். நீளமான நடையோடையில் ஒரு யன்னலடியில் நின்றாள்.

"இஞ்சாரும், என்னப்பா இது?"

"அவளிட்டச் சொல்லுங்கோ. அந்தப் பேர் வேண்டாம்."

"தமையன்ர பேரைத்தானே வைக்கிறாள். பாசத்திலதானே."

"தமையன் செத்துப் போனானோ?" என்று திரும்பினாள். "நீங்கள் கண்டனீங்களோ?"

நான் காணவில்லை. ஒருவரும் காணவில்லை. அதுதான் எங்கள் வீட்டுக் கதை.

2

ஜீவன் எங்கள் மூத்த பிள்ளை. நான் முதலில் தனியே இங்கு வந்து அகதி மனுப் போட்டவன். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட அனுமதி வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன. வந்த அனுமதியில் மகனின் பெயர் இல்லை. பதினெட்டைத் தாண்டிவிட்டான். "பதினெட்டுக்குப் பிறகு அவர் பிள்ளை இல்லை, ஆள்" என்று கந்தோரில் விளங்கப்படுத்தினார்கள். மொழிபெயர்க்க வந்த தம்பி அதைத் தமிழில் சொல்லக் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

தாயையும் தங்கச்சியையும் கொழும்பு வரைக்கும் கொண்டுவந்து ஏற்றிவிட்டுப் போனவன் ஜீவன். சின்னம்மாவோடு இருந்தான். ஊர்ப் போரின் கடைசிச் சண்டையில் சனத்தோடு சனமாகத் தோளில் ஒரு பையோடு நடந்து போனதை ஒருவர் கண்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை.

என் மனைவி படத்துக்கு மாலை போட விடமாட்டாள். திவசம் என்ற சொல்லை வீட்டுக்குள் எடுக்கக்கூடாது. இந்தக் கட்டடத்தில் எல்லாரும் வீட்டுத் தொலைபேசியை வெட்டிவிட்டார்கள். எங்களிடம் மட்டும் அது கிடக்கிறது. அந்த நம்பர்தான் அவனுக்குத் தெரியும் என்பாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் அர்ச்சனைக்கு முதல் பெயராக "ஜீவன், ரோகிணி நட்சத்திரம்" என்று கொடுப்பாள். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் செய்வது. ஐயருக்கும் எங்கள் கதை தெரியும். ஒருநாளும் அந்தப் பெயரை அவர் விழுங்கினதில்லை, வடிவாகச் சொல்லுவார்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னம் தொடங்கிவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை ஐயர் ரெண்டு தரம் ஜீவன் எண்டு சொன்னால், கோயில் அம்மாள் எந்த ஜீவனைப் பார்ப்பா?"

"நட்சத்திரம் வேறதானே. இவன் விசாகம்."

"நட்சத்திரத்தைச் சொல்லியோ பிள்ளையைக் கூப்பிடுறது? அவன் ஒருநாள் வந்து கதவடியில நிக்கேக்க நான் ஜீவன் எண்டு கூப்பிட, இந்தப் பெடியன் ஓடி வந்து நிண்டால் அவன் என்ன நினைப்பான்? தன்ர இடத்துக்கு ஆள் வந்திட்டுது எண்டு நினைக்கமாட்டானோ? திரும்பிப் போயிடமாட்டானோ?"

 மற்றப் பக்கம் மகள் தொலைபேசியில், "அப்பா, அண்ணான்ர பேரை வீட்டில சத்தமாச் சொல்லி எவ்வளவு காலமாச்சு? அம்மா கோயிலில மட்டும் சொல்லுறா. நாங்கள் ஒருத்தரும் சொல்லுறேல்லை. எனக்கு அந்தப் பேரைக் கூப்பிட வேணும் போல கிடக்கு" என்று அழுதாள்.

உள்ளதைச் சொன்னால், எனக்கும் கூப்பிட வேண்டும்போலத்தான் இருந்தது. இருவருக்கும் நடுவில் நான் கதிரையில் இருப்பதும், எழும்பி யன்னலுக்குப் போவதும், குப்பை போடவென்று கீழே இறங்கி, குப்பையைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி ஏறுவதுமாக இருந்தேன்.

3

மருமகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். லுபோ என்று கூப்பிடுவோம். முழுப் பெயர் லுபோமீர். ஸ்லோவாக்கியா தேசத்துப் பிள்ளை, இங்கே ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. முதல் தரம் வீட்டுக்கு வந்த அன்று, பயத்தில் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டவர்.

அன்று கதைக்க ஒன்றும் கிடைக்காமல், பெயருக்கு என்ன கருத்து என்று கேட்டேன். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாகச் சொன்னார். லுபோ என்றால் அன்பாம், மீர் என்றால் சமாதானமாம். அவர்களின் பழைய ஆண்பெயர்கள் பலதும் இப்படி இரண்டு துண்டை ஒட்டினவைதானாம். செக் ஆட்களும் அப்படித்தானாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் சிவநேசன், குணபாலன், ஜெகநாதன் என்று வாயில் வந்ததை எல்லாம் அவருக்குப் பிரித்துக் காட்டினேன். அன்றைக்கே எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது. இப்போதும் என்னை "மாமா" என்றுதான் கூப்பிடுவார், வாணி பழக்கியது.

எங்கள் ஆட்கள் இங்கே வந்து கருத்தைக் கைவிட்டுவிட்டார்கள். ஊஸ்டரில் இருக்கிற என் மைத்துனர் மகன் தன் பிள்ளைகளுக்கு லக்‌ஷிகன், டிலக்‌ஷிகன், அபிலக்‌ஷிகன் என்று வைத்திருக்கிறான். கருத்து என்னடா தம்பி என்று கேட்டால், "கருத்தோ? எண் சாத்திரத்தில கூட்டுத்தொகை நல்லா வருது மாமா, அது காணும், வேற என்ன வேணும்" என்றான். அர்ச்சனைக்கு அந்த மூன்று பெயரையும் சொல்லி முடிக்க ஐயர் தண்ணீர் குடிக்க வேண்டும்.

ஆனால் பெயர் லேசான பொருள் இல்லை. என் மனைவி இந்த வயதுவரை என் பெயரை வாயால் சொன்னதில்லை. இங்கு வந்து இறங்கின புதிதில் ஊராட்சிக் கந்தோரில், "உங்கள் கணவரின் பெயர்?" என்று கேட்க, அவள் என்னை விரலால் காட்டினாள். மறுபடி கேட்க, மறுபடி காட்டினாள். அந்தப் பெண் பயந்துபோய், இந்த மனிதரை உங்களுக்கு உண்மையிலேயே தெரியுமா என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்கச் சொன்னா. சொல்லாமல் வைத்திருப்பதும் எங்களுக்கு ஒரு மரியாதை. அதை எந்த மொழிபெயர்ப்பாளர் சொல்லுவார்?

4

பிள்ளை பிறந்த மறுநாள் லுபோவின் தாய் ஆன்னா ஸ்லோவாக்கியாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினா. கசகசா வைத்துச் சுருட்டின ரொட்டியும், தங்கள் நாட்டுச் சுவர்க் கலண்டரும் கொண்டுவந்தா. அவர்களுடைய கலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கும். இன்றைக்கு இன்ன பெயர் என்றால் அந்தப் பெயருள்ள எல்லாருக்கும் அன்று கொண்டாட்டம். எங்களுக்கு நட்சத்திரம் மாதிரி அவர்களுக்குப் பெயர்நாள்.

என் மனைவி இதைப் பார்த்தாள். ஆராவ் தமிழ்க் கடையில் தந்த எங்கள் பஞ்சாங்கக் கலண்டரை ஆணியிலிருந்து கழற்றி வந்து மேசையில் போட்டாள். பெயரைப் பேப்பரில் எழுதிக் கொடுக்க இன்னும் ஒரு நாள் இருந்தது. பெயர் தொடங்கவேண்டிய எழுத்தை ஊர் ஐயர் தொலைபேசியில் சொல்லியிருந்தார்: விசாகத்துக்குத் தி, து, தே, தோ.

வாணி ஆஸ்பத்திரியில். ஆகவே ஆன்னா தன் மொழியில் சொல்ல, லுபோ அதை ஜெர்மனாக்க, நான் என் குசினி ஜெர்மனில் பிடித்து மனைவிக்குத் தமிழில் கொடுத்தேன். முதியோர் இல்லச் சமையலறையில் கோப்பை கழுவிப் படித்த ஜெர்மன் அது. சட்டி, கரண்டி, கெதியாய் வா, இவற்றுக்கு மேலே கொஞ்சம் போகும்.

ஆன்னா எழுத்தைப் பற்றிக் கவலைப்படாமல் தனக்குப் பிடித்ததை எல்லாம் வாசித்தா.

"விளாதிமீர்."

"உலகத்தை ஆளுறவனாம்," என்றேன். "எங்கட ஜெகநாதன் மாதிரி."

"ஆண்டது காணும்," என்றாள் மனைவி.

"பொஹுமில்."

"கடவுளுக்குப் பிரியமானவன். அட, சிவநேசன்!"

"ஆர், ஊர்ச் சங்கக்கடை மனேச்சர் சிவநேசனோ? சீனி நிறுவையில கை வைச்ச மனிசன். வேண்டாம்."

"பொஹ்தான்."

"கடவுள் தந்தவனாம்."

மனைவி கொஞ்சம் யோசித்தாள். எழுத்து வரவில்லை என்று தலையாட்டினாள்.

"வொய்தெக்."

"படைக்கு ஆறுதல் குடுக்கிறவனாம்."

"படையோ? இந்த வீட்டில படையும் வேண்டாம், பட்டாளமும் வேண்டாம்."

நான் மொழிபெயர்க்கவில்லை. ஆன்னா அவளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே கலண்டர் ஒற்றையைத் திருப்பினா.

பிறகு எழுத்துக்கு வந்தோம். தி-க்கு திகொமீர். அமைதியும் சமாதானமும் சேர்ந்த பெயர். "அவன் கத்துற கத்துக்கு அமைதியோ?" என்றாள் மனைவி. தே-க்கு தெயோதோர், அதுவும் கடவுள் தந்தது. இரண்டு தரம் சொல்லிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். தோ-க்கு தொமாஷ்.

"தோமஸோ? சம்பந்தி குறை நினைக்கக்கூடாது. ஆனா நாங்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிட்டமோ எண்டு எங்கட ஆக்கள் கேட்டு வந்திடுவினம்."

"மாமி என்ன சொல்லுறா?" என்று லுபோ கேட்டார்.

"பிடிக்கேல்லையாம்," என்று சுருக்கினேன்.

து-வுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆன்னா தேடித் தேடிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டா. அழுத்திச் சொல்கிற "த"-வுக்கும் மெல்லச் சொல்கிற "த"-வுக்கும் எங்களிடம் ஒரே எழுத்துத்தான், இரண்டையும் பாருங்கள் என்று நான் சொன்னேன். அப்போதுதான் லுபோ தாயின் கையிலிருந்து கலண்டரை வாங்கினார். பக்கங்களைத் தேடவில்லை. நேரே ஒரு மாதத்தைத் திறந்து விரலை வைத்தார்.

"துஷான்."

ஆன்னா, ஓ, என்று சொல்லி வாயைப் பொத்தினா. லுபோ என்னைப் பார்த்து மெதுவாக ஜெர்மனில் சொன்னார்: "துஷா எண்டால் ஸேலே, மாமா."

ஸேலே என்ற சொல் எனக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் நான் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைத்தால் கிழவிகள் என் கையைத் தட்டி, நீ நல்ல ஸேலே என்பார்கள். ஆத்மா. உயிர். லுபோ தன் நெஞ்சில் கை வைத்து ஒரு மூச்சை இழுத்து விட்டுக் காட்டினார். கண்ணை என்னை விட்டு எடுக்கவில்லை. தன் மனைவியின் தமையனுடைய பெயருக்கு என்ன கருத்து என்று அவருக்குத் தெரியும். வாணி சொல்லியிருக்கிறாள். அவர் இதை எப்போதிருந்து மனதில் வைத்திருந்தாரோ, தெரியாது.

"என்ன கருத்தாம்?" என்று மனைவி கேட்டாள்.

"நல்ல கருத்தாம்," என்றேன்.

"துஷான்... எங்கட பேர் மாதிரிக் கிடக்கு. து-வும் வந்திட்டுது." அவள் சிரித்தாள். அந்தக் கிழமையில் முதல் சிரிப்பு. ஆன்னாவின் கையைப் பிடித்து, "துஷான், நல்லது, குட், குட்" என்றாள். நான் எழும்பிக் கேத்தலை அடுப்பில் வைத்தேன். அதில் ஏற்கெனவே கொதித்த தண்ணீர் இருந்தது.

5

அடுத்த நாள் பேப்பர் கொடுக்கிற நாள். காலையிலேயே நான் தனியே வாணியிடம் போனேன்.

"லுபோ சொன்னவர், அப்பா." அவளின் முகம் வீங்கியிருந்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தாள். "அம்மாக்குக் கருத்துச் சொன்னீங்களோ?"

"இல்லைப் பிள்ளை."

"ஏன்?"

"அவ சிரிச்சவ."

"அதுக்காக? நாளைக்கு அவ ஆன்னாட்டக் கேட்டால்? அம்மாக்கு ஒளிச்சு அண்ணான்ர கருத்தைப் பிள்ளைக்கு வைக்கேலாது. அது களவு மாதிரி. பின்னேரம் பேப்பருக்கு வருவினம். அதுக்கு முதல் சொல்லுங்கோ. அவ வேண்டாம் எண்டால் நான் தோமஸ் எண்டே எழுதிவிடுறன்."

"நீயே சொல்லன்."

"நான் சொன்னால் சண்டை வரும். நீங்கள் சொன்னால் அழுவா. அழுகை பரவாயில்லை."

வெளியே வந்தேன். மரங்களிலிருந்து பனி உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. கார்கள் நிற்கிற இடத்தைச் சுற்றினேன். பஸ் தரிப்பில் இருந்தேன். பஸ் வந்தது, ஏறவில்லை. சாரதி கதவைத் திறந்துவைத்து என்னைப் பார்த்தார், கையைக் காட்டி அனுப்பினேன். மறுபடி கார்களைச் சுற்றினேன். சொன்னால், அந்தப் பெயரும் போய் அதன் கருத்தும் போய்விடும். சொல்லாவிட்டால், அவளுக்குத் தெரியாத ஒன்றை அவள் வாயாலேயே நாள் முழுக்கச் சொல்லவைத்தவனாக இருப்பேன். இன்னொன்றும் கிடந்தது. நான் அந்தப் பெயருக்கு ஏன் இவ்வளவு ஆசைப்படுகிறேன்? அவன் வரமாட்டான் என்று நான் உள்ளுக்குள் முடிவு கட்டிவிட்டேனா? இதை என்னிடமே கேட்கப் பயந்து இன்னும் வேகமாக நடந்தேன்.

அடுத்த பஸ்ஸில் அவளே வந்து இறங்கினாள், கையில் சட்டியோடு.

"ஏன் குளிருக்குள்ள நிக்கிறீங்கள்? பிள்ளைக்கு ஏதுமோ?"

"இல்லை. கொஞ்சம் இதில இரும்."

இருந்தாள். சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"துஷான் எண்டால் என்ன கருத்தெண்டு நான் உமக்குச் சொல்லேல்லை."

"நல்ல கருத்தெண்டனீங்கள்."

"உயிர் எண்டு கருத்து. ஜீவன் எண்டு கருத்து."

அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கத்தில் ஒரு கிழவர் நாயோடு போனார். அவர் வளைவில் மறையும்வரை இருவரும் அவரையே பார்த்தோம்.

"ஆர் கண்டுபிடிச்சது?"

"மருமகன்."

"தெரிஞ்சுகொண்டோ?"

"ஓம். தெரிஞ்சுகொண்டுதான்."

"உங்களுக்கு அப்பவே விளங்கினது."

"ஓம்."

"ம்." சட்டியின் மூடியைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. "நான் விடியவே எழும்பி அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிப் பாத்தனான். துஷான், சப்பாத்தைக் கழட்டு. துஷான், பால் குடிக்க வா. வாய்க்கு நல்லா வந்துது. உந்தக் கருத்தாலதான் வாய்க்கு வந்துதோ?"

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. எழும்பி ஆஸ்பத்திரிக்குள் நடந்தாள். நான் பின்னால் ஓடவேண்டி இருந்தது.

அறையில் லுபோ வழக்கம்போல அவளைக் கண்டதும் எழும்பி நின்றார். ஆன்னாவும் எழும்பினா. மனைவி சட்டியை வைத்தாள், கையைக் கழுவினாள், பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள். வாணி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"தம்பி," என்று லுபோவைப் பார்த்துச் சொன்னாள். "நான் சொல்லுறதை வாணி உங்களுக்குச் சொல்லுவாள். பேர் அவன்ர. அது அவன் வருமட்டும் அப்படியே கிடக்க வேணும். ஒருத்தருக்கும் குடுக்கேலாது. கருத்து ஒருத்தன்ர சொத்தில்லை, மூச்சு விடுற எல்லாருக்கும் கிடக்கு. அதை எடுத்தது பிழையில்லை. என்ர பிள்ளையை நீங்கள் நினைச்சிருக்கிறீங்கள். நீங்கள் அவனைக் கண்டதுமில்லை."

வாணி ஜெர்மனில் சொல்லத் தொடங்கி நடுவில் நிறுத்திப் பிள்ளையைப் பார்த்தாள்.

"முழுக்கச் சொல்லு. இன்னும் ஒண்டு இருக்கு. செல்லத்துக்கும், பகிடிக்கும், நான் இல்லாத இடத்திலயும் ஆரும் இவனை மற்றப் பேரால கூப்பிடக்கூடாது. நீங்களும்தான்," என்று என்னையும் பார்த்தாள். "உங்களிலதான் எனக்குக் கூடச் சந்தேகம்."

"ஓம் மாமி," என்றார் லுபோ. அந்த இரண்டு சொல்லும் அவருக்குத் தமிழிலேயே தெரியும்.

பின்னேரம் தாதி வந்தபோது வாணி எழுதிக் கொடுத்தாள்.

6

துடக்குக் கழிவும் அவனுடைய பெயர்நாளும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. ஊருக்குத் திரும்பியிருந்த ஆன்னா தொலைபேசியில் முகம் காட்டி ஒரு பாட்டுப் பாடினா. இங்கே நாங்கள் சர்க்கரைப் பொங்கல் பொங்கினோம். வந்த சனம் எல்லாரும் துஷான் நல்ல தமிழ்ப் பெயர், மொடேர்ன் பெயர் என்றார்கள். ஊஸ்டர்க்காரன் கூட்டுத்தொகை பார்த்துவிட்டு அதுவும் நல்லது என்றான். என் மனைவி யாரையும் திருத்தவில்லை.

இப்போது தவழ்கிறான். அவள் குசினியிலிருந்து "துஷான்" என்று கூப்பிடுகிறபோதெல்லாம் எனக்கு மட்டும் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பதுபோல இருக்கிறது. நான் எழும்பி நடக்கத் தொடங்கிவிடுவேன். கதவு வரைக்கும் போய்விட்டு வருவேன். ஏன் போனீர்கள் என்று அவள் கேட்பதில்லை.

ஊர்ப் பத்திரிகைக்கு இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். "எழுதுங்கோ. ஆனா சும்மா எழுதாதேங்கோ, அவனுக்கும் ஒரு சொல்லு எழுதுங்கோ" என்றாள்.

ஆகவே வாசிக்கிறவர்களிடம் கேட்கிறேன். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, இடது புருவத்தில் தழும்புள்ள, நடக்கும்போது வலது தோளைக் கொஞ்சம் சாய்க்கிற ஒருவரை எங்காவது, வேலை செய்கிற இடத்திலோ, பஸ்ஸிலோ, கோயில் மடத்திலோ கண்டால், தன் பெயர் தெரியாது என்று அவர் சொன்னாலும், அவரிடம் சொல்லுங்கள். நேரில் காணாதவர்கள் காணக்கூடியவர்களிடம் சொல்லிவிடுங்கள். தங்கச்சிக்கு ஒரு மகன் பிறந்திருக்கிறான், நீ தாய்மாமன் ஆகிவிட்டாய். அவன் பெயர் துஷான். உன்னுடைய பெயரை ஒருவருக்கும் கொடுக்கவில்லை, அது உனக்கென்று அப்படியே கிடக்கிறது, அம்மா சொல்லச் சொன்னவ என்று சொல்லுங்கள்.